வந்தவருக்கு நம் ஊரை எப்படிச் சொல்வது?

வெளியூர் அன்பர் ஒருவர் மேலப்பாளையத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை வாயிலில் நிற்கும் ஒருவரிடம், "இவ்வூரில் பார்க்கவேண்டியது என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். அவருக்கு நம்மில் பெரும்பாலோர் சொல்லும் விடை யாது? "இங்கே என்ன இருக்கிறது, அண்ணாச்சி? டவுனுக்குப் போங்கள், நெல்லையப்பர் கோவில் இருக்கிறது. திரும்பும்போது அல்வா வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதே.

இவ்விடையில் அன்புக்குக் குறைவில்லை. கோவிலும் பெரியது, அல்வாவும் இனியது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகத் தறியோடும் வயலோடும் வாழ்ந்த ஊரார், தம் ஊரில் சொல்லத் தக்கது ஒன்றும் இல்லை என்று கூறுவது சரிதானா என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் சிந்திக்கவேண்டும். இது பெருமையைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. கைத்தறித் துணியும் கோரைப்பாயும் எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறியாதவர், அவற்றிற்கு உரிய விலையையும் தரமாட்டார். ஊரின் கதை மறைந்தால், அக்கதையோடு கட்டுண்டிருக்கும் கூலியும் குறையும். ஆதலின், ஊரின் பண்பாட்டுச் செல்வத்தை உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் எடுத்துரைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எது பண்பாட்டுச் செல்வம்?

பண்பாட்டுச் செல்வம் என்றவுடன் கோபுரம், கோட்டை, கல்வெட்டு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்கு எடுப்பாகத் தெரிபவை. அரசாங்கமும் அவற்றைக் காத்து வருகிறது. ஆனால் ஓர் ஊரார் பல தலைமுறையாகக் கற்றுக் கைமாற்றித் தந்த தொழிலும், நீரைப் பங்கிட்ட முறையும், விதையும், பேச்சும், பழக்கமும் அச்செல்வத்தின் பாகங்களே.

நம் ஊர்ப்பக்கத்துப் பாளையங்கால்வாயை எடுத்துக்கொள்வோம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் முற்காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. பழவூர் அணையிலிருந்து புறப்படும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுச் செல்கிறது. இக்கால்வாய் இன்றேல் இப்பகுதியில் கார் சாகுபடியும் இல்லை, பிசானமும் இல்லை. நாள்தோறும் அதன் பாலத்தைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர், அந்நீர் எந்த அணையிலிருந்து வருகிறது என்று சொல்வார்கள்?

தறியும் அவ்வாறே. மேலப்பாளையம் நெடுங்காலம் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதும், திண்ணையில் பெண்கள் இராட்டையில் தார் சுற்றுவதும், வீட்டினுள் குழித்தறி ஒலிப்பதும் நெசவாளர் ஊர்களின் அன்றாடக் காட்சிகளாக இருந்தன. செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையும் அத்தகைய செல்வமே. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களையும் இவ்வூரையும் கொடுக்கல் வாங்கலால் பிணைத்து வைத்திருப்பது அச்சந்தை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் அங்கே சென்று பார்த்தவர், இவ்வூரில் பார்க்க ஒன்றும் இல்லை என்று கூறமாட்டார்.

முதலில் நாம் அறியவேண்டும்

1994-ஆம் ஆண்டில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் ஒன்றாக்கப்பட்டுத் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தது. நிர்வாகத்துக்கு இது வசதியாயிற்று. ஆனால் ஊர்கள் ஒன்றாகும்போது, பெரிய ஊரின் கதையே எல்லா ஊர்களுக்கும் கதையாகிவிடுவது உண்டு. இன்று மேலப்பாளையம் என்பது ஒரு மண்டலத்தின் பெயர். அப்பெயருக்கு உள்ளே இருப்பது என்ன என்பதை இவ்வூரார் சொன்னால் அன்றி வேறு யார் சொல்வார்?

எனவே, வெளியூராருக்குச் சொல்வதற்கு முன் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். தாத்தா எந்தத் தறியில் எவ்வகைத் துணி நெய்தார், அத்துணி எந்த ஊருக்குச் சென்றது, நம் வயலுக்கு நீர் வரும் மடைக்குப் பெயர் என்ன, அதை யார் திறந்து அடைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். பல வீடுகளில் பெட்டிகளின் அடியில் பழைய கணக்கேடுகளும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்ச் சுவடிகளும், மாதிரித் துணித் துண்டுகளும் கிடக்கக்கூடும். பழந்தாள் வியாபாரியின் தராசில் ஏறும் முன்பு அவற்றைப் பார்த்து வைப்பது நம் கடமை. தறி ஓட்டத் தெரிந்த முதியவர் ஒருவர் மறைந்தால், எந்த ஏட்டிலும் இல்லாத பல செய்திகள் அவரோடு மறைகின்றன.

புராணம், வாய்மொழி, ஆவணம்

ஊர்க்கதையைச் சொல்வோர் ஒரு வேறுபாட்டை என்றும் மறத்தல் ஆகாது. சில செய்திகள் புராணம், சில வாய்மொழி, சில ஆவணத்தாலும் ஆராய்ச்சியாலும் உறுதிப்பட்டவை. மூன்றும் வேண்டியவையே. ஆனால் ஒன்றை மற்றொன்றாகச் சொன்னால் கேட்பவருக்கு நம்பிக்கை குறையும்.

வேதசர்மர் என்ற அடியார் இறைவனின் அமுதுக்காக உலர்த்திய நெல்லை, மழை நனைக்காதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தான். அதனால் ஊர் நெல்வேலி ஆயிற்று என்பது தலபுராணம். உலர்த்திய நெல்லின் மேல் மழை பெய்தால் குடியானவன் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அறிந்த மக்களின் கதை அது. அதைப் புராணம் என்று சொல்லியே சொல்லுவோம். அதன் இனிமை சிறிதும் குறையாது.

இனி, ஆராய்ச்சி கூறுவதைப் பாருங்கள். இதே ஆற்றுப்படுகையில் உள்ள சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றினுள் கிடைத்த நெல்மணிகளை ஆராய்ந்ததில் அவற்றின் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்ததாக 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாற்றங்கரையில் வாழ்ந்தோர், இறந்தவரோடு நெல்லையும் தாழியில் இட்டு வழியனுப்பினர் என்பது இதனால் விளங்குகிறது. புராணத்தில் வரும் நெல்லையும் தாழியில் கிடைத்த நெல்லையும் தனித்தனியே வைத்துச் சொன்னால், இரண்டும் கேட்பவர் மனத்தில் நிற்கும்.

வாய்மொழிக்கு எடுத்துக்காட்டாகக் கன்னடியன் கால்வாயைக் கூறலாம். ஒரு பசு நடந்து சென்ற வழியே அக்கால்வாய் வெட்டப்பட்டது என்பது கரையோர ஊர்களில் வழங்கும் கதை. இதை வெறுங்கதை என்று தள்ளிவிட வேண்டா. மாடு செங்குத்தாக மேட்டில் ஏறாது. மேட்டைச் சுற்றி, மெல்லச் சரிந்த தடத்திலேயே நடக்கும். கால்வாயும் அப்படித்தான் போகவேண்டும். சரிவு மிகுந்தால் கரை அறுபடும், குறைந்தால் நீர் தேங்கி வண்டல் படியும். நில அளவைக் கருவிகள் வருவதற்கு முன்னரே நம்மவர் நிலத்தின் வாட்டத்தை அறிந்திருந்தனர் என்பதை இக்கதை அழகாக நினைவூட்டுகிறது. இவ்வாறு விளக்கிச் சொன்னால், பட்டணத்துப் பிள்ளையும் கால்வாயைப் புதுக்கண்ணால் பார்க்கும்.

தாமிரபரணியின் இரு கரைகளையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தையும் நினைத்துப் பார்ப்போம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த அப்பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இது வரலாறு. அவருடைய மனைவியார் தம் நகைகளை மனமுவந்து தந்தார் என்பது மக்கள் வாய்வழி வந்த செய்தி. இரண்டையும் சொல்லலாம், எது எத்தகையது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

தகவல் வேறு, விளக்கம் வேறு

அமெரிக்க நாட்டில் தேசியப் பூங்காக்களுக்கு வருவோர்க்கு அவ்விடங்களை விளக்கிச் சொல்லும் கலையைப் பற்றி, ஃப்ரீமன் டில்டன் என்பவர் 1957-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். இன்றும் இத்துறையினர் அதை அடிப்படை நூலாகக் கொள்கின்றனர். அவர் வற்புறுத்திய கருத்துகளுள் மூன்று நமக்கு மிகவும் பொருந்தும். கேட்பவரின் சொந்த அனுபவத்தோடு தொடர்பில்லாத செய்தி அவர் மனத்தில் பதியாது என்பது ஒன்று. தகவல்களை அடுக்குவது விளக்கம் ஆகாது என்பது மற்றொன்று. பெரியவர்களுக்குச் சொல்வதையே சுருக்கிக் குழந்தைகளுக்குச் சொல்வது போதாது, அவர்களுக்கு வேறு வழியில் சொல்லவேண்டும் என்பது மூன்றாவது.

இதைத் தறியருகே வைத்துப் பார்ப்போம். "இது குழித்தறி, இது பாவு, இது ஊடை" என்று பெயர்களை ஒப்பித்தால் வந்தவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு மாறாக, அவர் உடுத்தியுள்ள துணியின் ஓரத்தையே விரலால் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளவாட்டில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை என்பது அவருக்கு அக்கணமே விளங்கும். பிறகு தறியைக் காட்டுங்கள். நெசவாளர் குழியில் கால்களை இறக்கி மிதியை அழுத்துகிறார். விழுது பாவின் இழைகளில் ஒரு பாதியை மேலே தூக்க, நடுவே வழி பிறக்கிறது. அவ்வழியே நாடா ஓடி ஊடையை விட்டுச் செல்கிறது. அச்சு அதைத் தட்டி முன்னே நெய்த துணியோடு சேர்க்கிறது. ஒரு முறை தட்டினால் சேர்வது ஓர் இழையின் பருமன்தான். அப்படியானால் ஒரு சேலைக்கு எத்தனை முறை மிதிக்கவேண்டும் என்று வந்தவரே கணக்கிடத் தொடங்குவார். அக்கணக்கு அவர் மனத்தில் எழுந்த பின், விலையைப் பற்றி அவர் வாதாடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

குழந்தையானால், கணக்கு வேண்டா. காலி நாடாவைக் கையில் கொடுத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நெசவாளர் காட்சிப் பொருள் அல்லர். வேலை நேரத்தில் தறியை நிறுத்தி விளக்கம் சொன்னால் அவருக்கு அன்றைய கூலி குறையும். ஆதலால் விளக்கிச் சொல்லும் நேரத்துக்கும் சங்கம் ஊதியம் தரவேண்டும். அவர் சம்மதமின்றி அவரையோ அவர் வீட்டாரையோ படம் எடுக்கக் கூடாது. ஊராரின் உரிமையும் நலனும் இவ்வேலையில் முதலிடம் பெறவேண்டும் என்பது உலகளாவிய கருத்தாகிவிட்டது. சர்வதேச நினைவுச்சின்னப் பேரவை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாசனமும் இதனையே கூறுகிறது.

மெய்யான பெயரும் மெய்யான விலையும்

நம் மாவட்டத்தில் கைத்தொழில்கள் சில புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. பத்தமடைப் பாய் 2013-ஆம் ஆண்டிலும், வீரவநல்லூர் செடிபுட்டா சேலை 2023-ஆம் ஆண்டிலும் அப்பதிவைப் பெற்றன. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட முறையில் உண்டாகும் பொருளுக்கே அவ்வூர்ப் பெயரை வழங்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். ஊருக்குப் பதிவு கிடைத்துவிட்டால் போதும் என்று நம் அங்கத்தினர் சிலர் எண்ணுகின்றனர். அது போதாது. அப்பெயரைப் பயன்படுத்தும் உற்பத்தியாளரும், அங்கீகாரம் பெற்றவராகத் தம் பெயரைத் தனியே பதிவு செய்துகொள்ளவேண்டும். அப்போதுதான் போலியை எதிர்த்துச் சட்டத்தின் துணையை நாட இயலும்.

ஆனால் சட்டம் நீதிமன்றத்தில்தான் பேசும். கடையில் பேசவேண்டியவர்கள் நாமே. 1953-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்று ஊரார் பெருமையோடு சொல்வர். நல்லதே. ஆயினும் அரசியார் பெயரைக் கேட்டுப் பாயை வாங்குபவர், அடுத்த கடையில் மலிவாகக் கிடைக்கும் வேறொரு பாயையும் அதே பெயரில் வாங்கிச் சென்றுவிடுவார். கரையோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மறுபடியும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, தரையோடு கிடக்கும் தறியில் பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ குறுக்கே கோத்துக் கோத்து நெய்வதை ஒரு முறை கண்டவர் ஏமாறமாட்டார். திருமணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவது எத்தனை நுண்மையான வேலை என்பதையும் அவர் அறிவார். மெல்லிய பாயை மடித்துப் பெட்டியில் வைக்கலாம் என்று சொல்வதோடு நில்லாமல், அது ஏன் அவ்வளவு மெல்லியதாயிற்று என்பதையும் சொல்லவேண்டும்.

செடிபுட்டா சேலையும் இவ்வாறே. உடலில் பரவிய செடியும் பூவும் பின்னால் அச்சடித்தவை அல்ல. நெய்யும்போதே புட்டா இழைகளைக் கையால் கோத்து எழுப்புபவை. சேலையின் மறுபுறத்தைத் திருப்பிக் காட்டினாலே இது விளங்கும். கைத்தறித் துணிக்கென்று மத்திய அரசு 2006-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கைத்தறி முத்திரையையும் வாங்குவோர்க்குக் காட்டிப் பழக்கவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று நாமே விற்றால், அல்லது வேற்றூர்ச் சரக்குக்கு நம் ஊர்ப் பெயரை இட்டால், ஊரின் கதையை நாமே பொய்யாக்கியவர் ஆவோம். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாரார், வந்தாலும் நம்பார்.

இன்பமும் துன்பமும் ஒருங்கே

பெருமைக்குரியவற்றை மட்டும் சொல்லுவது விளம்பரம் ஆகும், வரலாறு ஆகாது. விசைத்தறியின் போட்டியும் நூல் விலையின் ஏற்றத்தாழ்வும் நெசவை நலியச் செய்தன. தறி ஒலித்த பல வீடுகளில் இன்று பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகின்றனர். மேலப்பாளையத்தின் இன்றைய உழைப்பில் அவர்களுடைய பங்கு பெரிது. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியதற்கு, வீட்டிலிருந்தே உழைக்கும் இத்தகைய பெண்களின் நிலையும் ஒரு காரணம். ஊர்க்கதையில் அவர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். தறியிலிருந்து சுளகுக்கு மாறியது எப்படி, அதனால் வந்த நன்மை யாது, உடலுக்கு நேர்ந்த கேடு யாது என்பதை அப்பெண்கள் வாயாலேயே கேட்டறிந்து எழுதி வைக்கவேண்டும்.

ஆற்றின் கதையிலும் இவ்விரண்டும் உண்டு. குறுக்குத்துறையில் ஆற்றினுள்ளேயே நிற்கும் முருகன் கோவிலை வெள்ளம் சூழும்போது, உற்சவ மூர்த்தியை மேட்டிலுள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். வெள்ளம் எவ்வளவு என்பதை அக்கோவில் எதுவரை மூழ்கியது என்பதைக் கொண்டே பெரியவர்கள் அளந்து சொல்வர். 2023 டிசம்பரில் பெருமழை பெய்து தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றின் பழைய வழிகளை மறந்து கட்டிய இடங்கள் எவை என்பதை வெள்ளமே காட்டிற்று. பழைய மண்டபமும் படித்துறையும் கால்வாய்க் கரையும் ஆறு எதுவரை வரும் என்பதற்குச் சாட்சிகள். அவற்றை விளக்கிச் சொல்வது உயிரையும் உடைமையையும் காக்கும் அறிவும் ஆகும்.

பிற இடங்களில் நடந்தவை

கூட்டுறவாளராகிய நமக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் இயக்கம் வளர்ந்த வீட்டையே பார்க்கலாம். இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 தொழிலாளர்கள் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே அன்றைய சரக்கு. கலப்படமற்ற பொருளைச் சரியான எடையில் தருவது அவர்கள் கொள்கை. டோட் லேன் என்னும் தெருவிலுள்ள அக்கடை 1931-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. உலகெங்குமிருந்து கூட்டுறவாளர்கள் அங்கே வருகின்றனர். அங்கே மாளிகை இல்லை, கோபுரம் இல்லை. சாதாரணக் கடை ஒன்றுதான். அதன் கதையை அறிந்தவர்கள் அதைப் போற்றி வைத்தார்கள் என்பதே அதன் சிறப்பு.

நம் நாட்டில் தெலங்கானாவிலுள்ள போச்சம்பள்ளி, இழைகளை முன்கூட்டியே கட்டிச் சாயமிட்டு நெய்யும் துணிக்குப் பெயர்பெற்ற நெசவாளர் ஊர். 1951-ஆம் ஆண்டில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கியதும் அங்கேதான். ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு 2021-ஆம் ஆண்டில் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. தறியையும் ஊர் வரலாற்றையும் ஒருங்கே காட்டியதால் வந்த பெயர் அது.

நம் பக்கத்திலேயே, ரெட்டியார்பட்டி மலைப்பகுதியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்துள்ளது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களில் கிடைத்த பொருள்களுக்காக அமைந்தது அது. அதைக் காண வருவோர் மேலப்பாளையத்திற்கு மிக அருகில் வருகின்றனர். மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய நெல்லைக் கண்டு வியப்பவருக்கு, இன்றும் அதே ஆற்று நீரில் விளையும் நெல்லைக் காட்ட நாம் இருக்கிறோமா? அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ஆம் ஆண்டில் தோன்றியது. 1986-ஆம் ஆண்டில் அது வெளியிட்ட அம்பை 16 என்ற ரகம், நம் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெயரைப் பல மாவட்டத்து வயல்களுக்குக் கொண்டு சென்றது. தாழியில் தொடங்கி ஆராய்ச்சி நிலையம் வரை வந்த இந்த நெல்லின் கதையை, வயலில் நிற்கும் விவசாயியைப் போல் வேறு யாரும் சொல்ல இயலாது.

சங்கம் செய்யக்கூடியவை

பெரும்பணம் இன்றி நம் சங்கங்கள் செய்யக்கூடிய சில காரியங்களை யோசனையாகக் கூறுகிறோம். மகாசபையில் இவற்றை எடுத்துப் பேசுங்கள்.

முதலாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு தறியைப் பார்வைக்கென்று ஒதுக்கி ஓட்டவேண்டும். ஓடாத தறி வெறும் மரம்; ஓடும் தறியே கதை சொல்லும். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஊதியம் பெறும் நெசவாளர் ஒருவர் அங்கே இருப்பது போதும்.

இரண்டாவது, பழைய துணி மாதிரிகளைத் திரட்டி ஒரு மாதிரிப் புத்தகம் தைக்கவேண்டும். ஒவ்வொரு துண்டின் கீழும் துணியின் பெயர், நூல் இலக்கம், நெய்தவர் வாழ்ந்த தெரு, நெய்த காலம் ஆகியவற்றில் தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டா.

மூன்றாவது, முதியவர்களின் பேச்சைக் கைப்பேசியிலேனும் பதிவு செய்து, பெயர், நாள், இடம் குறித்து, இரண்டு இடங்களில் பாதுகாக்கவேண்டும். தறிப் பெயர்கள், மடைப் பெயர்கள், வயற்பெயர்கள் ஆகியவை இப்பதிவில் முதலில் இடம்பெறட்டும்.

நான்காவது, விற்பனைக்குச் செல்லும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு சீட்டு வைக்கவேண்டும். எந்த ஊர், எந்தத் தறி, எத்தனை நாள் வேலை, எப்படித் துவைப்பது என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். தமிழில் ஒரு பக்கமும், வெளிநாட்டார் பொருட்டு ஆங்கிலத்தில் மறுபக்கமும் அச்சிடலாம்.

ஐந்தாவது, ஆகஸ்டு 7-ஆம் நாளைத் திறந்த தறி நாளாகக் கொண்டாடலாம். 1905-ஆம் ஆண்டில் அந்நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் நினைவாக 2015 முதல் அது தேசியக் கைத்தறி தினமாக இருந்து வருகிறது. அடுத்த ஆண்டே, 1906-இல், சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரனார் பிறந்த சீமை நம்முடையது. அன்று பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, காலையில் கால்வாய்க் கரையில் நடத்திச் சென்று, பிறகு தறியைக் காட்டி, பெரியவர் ஒருவரின் பேச்சைக் கேட்கச் செய்வோம். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து நடத்தினால் செலவும் பாதியாகும். வயலும் தறியும் ஒரே ஆற்றின் பிள்ளைகள் என்பதும் விளங்கும்.

ஆறாவது, ஊர்க்கதையைச் சொல்லும் பணியில் எல்லாத் தெருவினரும் எல்லாச் சமயத்தவரும் இடம்பெறவேண்டும். ஒரு சாரார் மட்டும் சொன்னால் பாதிக் கதையே வெளிவரும். பெண்கள் பேசாவிட்டால் அப்பாதியிலும் பாதியே எஞ்சும். ஏனெனில் தார் சுற்றியதும் நாற்று நட்டதும் பாய் முடைந்ததும் பெரும்பாலும் அவர்களே.

முடிவாக

இவற்றால் நாளையே கூட்டம் கூட்டமாகப் பிரயாணிகள் வந்து நம் சரக்கை அள்ளிச் செல்வர் என்று நாம் கூறவில்லை. ஊர்க்கதை சொல்வதால் மட்டும் நூல் விலை இறங்கிவிடாது. கூலி உயர்வுக்கும் நூல் விநியோகத்துக்கும் சங்கத்தின் வழியே நாம் செய்துவரும் முயற்சிகளைத் தளர்த்தவும் கூடாது. ஆயினும் ஒரு தொழிலின் அருமை அறிந்தோர் தொகை பெருகுமானால், அத்தொழிலுக்காக வாதாடுவோர் தொகையும் பெருகும். தறியின் அருமை தெரிந்து வளரும் பிள்ளை, தான் தறியில் அமராவிட்டாலும், கைத்தறித் துணியைக் கேட்டு வாங்கும். மடையின் பெயர் அறிந்து வளரும் பிள்ளை, கால்வாயில் குப்பையைக் கொட்டக் கூசும்.

எனவே, இனி யாரேனும் பேருந்தை விட்டு இறங்கி, இவ்வூரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், டவுனுக்கு வழி காட்டுவதற்கு முன் சற்றுப் பொறுப்போம். "கோவிலையும் பாருங்கள், அண்ணாச்சி, அதற்கு முன்னால் இப்படி வாருங்கள். இந்தக் கால்வாய் பழவூர் அணையிலிருந்து வருகிறது. இந்தத் தெருவில்தான் பாவு விரிப்பார்கள் என்று எங்கள் பாட்டனார் சொல்வார். உள்ளே ஒரு தறி ஓடுகிறது, வந்து பாருங்கள்" என்று சொல்வோம். அவ்வாறு சொல்வதற்கு, அந்தத் தறி உள்ளே ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அதை ஓடச் செய்வது நம் சங்கத்தின் பொறுப்பு.